வாழை வைத்தது யார்?

ஏரலுக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் நன்செய் இருந்தது. கல்லூரியில் பாடம் நடத்தித் தூத்துக்குடியிலேயே காலம் கழித்தவன் நான். மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. பல வருடங்களாக ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்து வாழை போட்டு வந்தார். வாய்ப்பேச்சுக் குத்தகைதான். எங்கள் பக்கம் நிலம் உள்ளவர்கள் குத்தகையை எழுதிக் கொடுப்பதில்லை. பயிர் செய்பவர் பெயர் அரசுப் பதிவில் ஏறிவிட்டால் பிறகு அவரை நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது என்ற பயம்.

வெள்ளம் வந்தபோது குலை தள்ளிய வாழை முழுவதும் சாய்ந்தது. வயல் முழுக்கச் சேறும் ஆற்றுமணலும். வட்டிக்கு வாங்கி வைத்த வாழை அது. நிவாரணம் கிடைத்தால்தான் அவர் ஊரில் தலைகாட்ட முடியும்.

கணக்கெடுக்க வந்த அலுவலர், பட்டாதாரரை வயலில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார். சேற்றில் இறங்கத் தயங்கினேன். குத்தகைக்காரர்தான் என் கையைப் பிடித்து, விழுந்துகிடந்த வாழைத் தண்டுகளின் மேல் நடத்திக் கூட்டிப்போனார்.

"அண்ணாச்சி, நீங்களும் படத்துல வாரீங்க. கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க" என்றார் அலுவலர்.

குத்தகைக்காரர் ஒதுங்கி நின்று, "மூஞ்சியக் கொஞ்சம் சோகமா வையுங்க சார். அப்பந்தான் துட்டுப் போடுவான்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

கிராமசபையில் நிவாரணப் பட்டியலை மைக்கில் வாசித்தார்கள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. என் பெயர் வந்ததும் குத்தகைக்காரர் எழுந்தார்.

"அந்த வயல்ல வாழ வச்சது நானு. சார் இங்கனதான் இருக்காவ, கேளுங்க."

"குத்தகைப் பத்திரம் இருக்கா?" என்றார் அதிகாரி.

"பத்திரம் எதுக்கு? சார் சொன்னாப் போதாதா?"

போதும் என்றார் அதிகாரி. நான் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் பெயரை மாற்றிவிடலாம் என்று என்னைப் பார்த்தார்.

நிலத்தை விற்க அப்போது ஆள் தேடிக்கொண்டிருந்தேன். எழுந்து, வகுப்பில் பேசும் குரலில் சொன்னேன்: "அவர் என்னிடம் கூலிக்கு வேலை பார்த்தவர். கூலிப் பாக்கி எதுவும் இல்லை." இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை. அதையும் சொன்னேன்.

ஆட்சேபணை உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். வாழை வைத்தது யாரென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர்களில் பாதிப் பேர் என்னைப்போலவே நிலத்தை வாய்ப்பேச்சில் விட்டவர்கள். ஒரு கையும் எழவில்லை.

"ஏலே, கூலிக்காரனுக்கு எதுக்குலே நிவாரணம்? உக்காருலே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. அவர் உட்காரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பணம் என் கணக்குக்கு வந்தது. நிலமும் விலைபோனது. அதற்குப் பிறகே எனக்குத் தூக்கம் கெட்டது. விற்பதற்கு முன் கெடவில்லை. நிவாரணத் தொகையை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி மட்டும் இருந்தார்.

"கடன்காரனுக்குப் பயந்து ஓடிட்டாவ. எங்கன இருக்காவன்னு எனக்கே தெரியாது சார்."

உறையை நீட்டினேன். அவர் தொடவில்லை.

"இதை எங்களுக்கு எதுக்குத் தாரீங்கன்னு அதே சபையில, மைக்குல சொல்லுவீங்களா சார்?"

உறையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

"அப்படின்னா இத எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு வந்தது நிம்மதிதான்.