கட்டிலுக்குக் கீழே நாற்பது பேர்

போன கிழமை குரோருட்டில் ரயில் ஏறினேன். எனக்கு எதிரே இருந்த பெண் சோடாப் போத்தலின் மூடியைத் திருகினாள். ‘ஸ்ஸ்ஸ்’ என்றது. அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இரண்டு தரிப்பிடம் போகும்வரை சிரித்தேன். ஒஸ்லோ ரயிலில் தனியே சிரிக்கிற மனுசிக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். சிரிக்காவிட்டாலும் உட்கார மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஏன் சிரித்தேன் என்று உங்களுக்காவது சொல்லவேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் நாலாம் தட்டில் நானும் இவரும் இருந்தோம். இவர் என்றால் என் கணவர். முதலாம் தட்டில் ஒற்றையறை வீட்டில் இவருடைய தங்கை கலா. பல் வைத்தியருக்கு உதவியாளாக வருவதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். இருவரும் சேர்ந்து கதைப்பதைக் கேட்பவர்களுக்கு யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாது.

இவர் சிரித்தால் முதலில் தோள் குலுங்கும், பிறகு மேசை குலுங்கும், அதன் பிறகு கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையைத் தட்டுவார். அந்தப் பனிக்காலம் இவர் வேலைசெய்த பொதிக் கிடங்கை மூடிவிட்டார்கள். அதோடு சிரிப்பும் நின்றது. காலையில் சேட்டு மாட்டிக்கொண்டு ஜன்னலடியில் இருந்து, பனி வழிக்கிற வண்டி போவதையும் வருவதையும் பார்ப்பார். நான் ஏதாவது கேட்டால் “ஓம்” என்பார். எல்லாவற்றுக்கும் “ஓம்”. கறிக்கு உப்புக் கூடிவிட்டதா என்றாலும் “ஓம்”, குறைவா என்றாலும் “ஓம்”. கீழ்வீட்டுக்காரர்கூட ஒருநாள் மின்தூக்கியில் என்னிடம், உங்கள் கணவர் வெளியூர் போய்விட்டாரா என்று கேட்டார்.

நல்லாயிருந்த காலத்தில் இவருக்கு ஒரு ஆசை. “ஒருநாளைக்கு நானே பியர் காய்ச்சிப் பாக்கவேணும்” என்று அடிக்கடி சொல்லுவார். எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. என்னோடு உருளைக்கிழங்கு உரிக்கிற பெரித் என்ற நோர்வே மனுசி, வீட்டிலே பியர் வடிக்கிறவள். இவருடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு நான் காய்ச்சிக் கொடுத்தால் என்ன என்று அவளிடம் கேட்டேன். அடுத்த நாளே மூடியோடு ஒரு பெரிய வாளியும், தகரத்தில் அடைத்த மோல்ட் என்கிற முளைதானியப் பாகும் கொண்டுவந்துவிட்டாள். செய்முறையையும் உருளைக்கிழங்கு உரித்தபடியே சொன்னாள். என்னுடைய நோர்வேஜிய மொழி அப்போது அரைவேக்காடு. பாதி விளங்கியது. மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். அதுதான் வினை.

காய்ச்சியது கலாவின் வீட்டில். பாகைச் சுடுதண்ணீரில் கரைத்தபோது எழும்பிய வாசம், பாணும் சீனிப்பாகும் ஒன்றாய் எரிந்ததுபோல. கலா மூக்கைப் பொத்திக்கொண்டு, “மச்சாள், இதைக் குடிச்சாத்தான் அண்ணா சிரிப்பாரெண்டால், அவர் சிரிக்காமலே இருக்கட்டும்” என்றாள். இரண்டுபேரும் அடுப்படியில் குந்திக்கொண்டு கண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஈஸ்ட்டைத் தூவி மூடினோம். அடுத்த நாள் வாளி ‘புளுக், புளுக்’ என்று கதைக்கத் தொடங்கியது. கலா பாடப் புத்தகத்தை வாசித்து ஒவ்வொரு பந்தி முடிவிலும் “என்ன?” என்று அதனிடம் கேட்பாளாம். அது “புளுக்” என்னுமாம்.

வாளி பேச்சை நிறுத்தியதும், கழுவிய சோடாப் போத்தல்களில் கொஞ்சம் கொஞ்சம் சீனி போட்டு, பியரை நிரப்பி, மூடியை இறுக்கினோம். நாற்பத்தொரு போத்தல். அதற்குப் பிறகு என்ன செய்யச் சொன்னாள் பெரித்? அதுதான் எனக்கு விளங்காத பாதி.

“நோர்வேக்காரர் பியரைக் குளிராத்தானே குடிக்கினம்? பல்கனியிலை வைப்பம்” என்றாள் கலா. எனக்கும் அது பெரிய ஞானமாகத்தான் பட்டது. பனி உருகத் தொடங்கியிருந்த நாட்கள். எல்லோரையும் பல்கனியில் வரிசையாக நிறுத்தினோம்.

ஒரு கிழமை போனதும் பொறுக்கமுடியாமல் ஒன்றைத் திறந்தோம். சத்தமே இல்லை. சீனித்தண்ணீர் மாதிரி, இருமல் மருந்து மாதிரி, செத்த ஏதோ ஒன்று. அன்றைக்குத்தான் நாங்கள் சிரிக்கவில்லை. மேலே போனால் இவர் ஜன்னலடியில். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெரித்திடம் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “ஈஸ்ட் நித்திரை கொள்ளுது. அந்தக் குளிரிலை உன்னை நிறுத்தினால் நீ வேலை செய்வியா? வீட்டுக்குள்ளே, நாங்கள் இருக்கிற சூட்டிலே வை. சீனியைத் தின்று அதுவே காற்றை உண்டாக்கும். இரண்டு கிழமை பொறு. குளிரெல்லாம் கடைசியில்தான்.”

அன்று பின்னேரமே மிஞ்சிய நாற்பது பேரையும் உள்ளே கொண்டுவந்து, துடைத்து, கலாவின் கட்டிலுக்குக் கீழே அடுக்கிப் போர்வையால் மூடினோம். வெளிச்சமும் படக்கூடாதாம். ஹீற்றரைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. உள்ளே காற்று உண்டாக உண்டாக பிளாஸ்டிக் போத்தல் இறுகும் என்றும் பெரித் சொல்லியிருந்தாள். ஆகவே மாம்பழம் அமத்திப் பார்ப்பதுபோல் கலா தினமும் அமத்திப் பார்ப்பாள். நான் தொலைபேசியில் விசாரிப்பேன். பியர் என்று வீட்டில் சொல்லமுடியுமா? அதனால் “அவர்” என்று பெயர் வைத்தோம்.

“இண்டைக்கு எப்பிடி இருக்கிறார்? இறுகிட்டாரோ? ஐயோ, வெளியிலை விடாதை, குளிரிலை திரும்பப் படுத்திடுவார். கட்டிலுக்குக் கீழையே இருக்கட்டும். அண்ணாவுக்குத் தெரியக்கூடாது, என்ன!”

இதை நான் குசினியில் நின்று குசுகுசுத்தேன். ஜன்னலடியில் இருந்தவருக்குக் காது நன்றாகத்தான் வேலைசெய்தது என்பது எனக்குத் தெரியாது.

பிறந்தநாளுக்கு இரண்டொரு நாள் இருக்கும். கலாவின் வீட்டில் நாங்கள் இருவரும் போர்வையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு மணி அடித்தது. திறந்தால் இவர். பனிக்காலம் முழுக்க ஜன்னலைவிட்டு அசையாத மனுசன், செருப்போடு, மூச்சிரைக்க, முகம் சிவந்து நிற்கிறார்.

“தங்கச்சி, உள்ளுக்கை ஆர்?”

“ஒருதருமில்லை அண்ணா.”

“பொய் சொல்லாதை. எனக்கெல்லாம் தெரியும்.” என்னையும் ஒரு பார்வை பார்த்தார். “நீயும் கூட்டு. கட்டிலுக்குக் கீழை ஒளிச்சு வைக்கிற அளவுக்கு அவன் ஆர்? நல்ல பிள்ளையெண்டால் நேரை கூட்டிக்கொண்டு வந்து காட்டவேண்டியதுதானே? நான் என்ன புலியோ?”

கலா என்னைப் பார்த்தாள். சிரிப்பை விழுங்கினாள். பிறகு பாடசாலைப் பிள்ளைமாதிரி நேராக நின்று சொன்னாள்: “ஒராள் இல்லை அண்ணா. நாப்பது பேர்.”

இவர் முழந்தாளிட்டுப் போர்வையை இழுத்தார். நாற்பது பேரும் மூடியோடு வரிசையாக நின்றார்கள். இவர் ஒருவரை வெளியே இழுத்தார், ஆட்டிப் பார்த்தார், நாங்கள் “ஐயோ வேண்டாம்!” என்பதற்குள் திருகினார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று தொடங்கி நுரை கூரைவரை போனது. சேட்டெல்லாம், மீசையெல்லாம் நுரை. போத்தலில் மிஞ்சியதை ஒரு மிடறு குடித்தார். வாய்க்குள் வைத்து யோசித்தார்.

“வாழைப்பழம் போட்டனீங்களோ?”

“இல்லை.”

“வாழைப்பழமேதான்” என்றார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு கட்டில் குலுங்கியது. முதலாம் தட்டுக்குக் கீழே வீடு கிடையாது, கூரையைத் தட்ட யாரும் இல்லை. நாங்கள் மூன்றுபேரும் ஈரத் தரையில் உட்கார்ந்து, ஒருவர் நிறுத்த மற்றவர் தொடங்கி, சிரித்துத் தீர்த்தோம்.

பிறந்தநாளுக்குப் பெரித்தும் வந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு “ஸ்பென்னெண்டே” என்றாள். சுவாரசியம் என்று அர்த்தம். ஒரு நோர்வேக்காரர் சாப்பாட்டைப் பார்த்து அப்படிச் சொன்னால் இரண்டாம் தரம் பரிமாறக்கூடாது என்பதை நான் பிற்பாடுதான் அறிந்துகொண்டேன். இவர் தனியாளாக மிச்சத்தை முடித்தார். கோடையில் வேறு வேலை கிடைத்தது. பியரால் அல்ல. ஆனால் நேர்முகத்துக்குப் போன மனுசன் சிரித்துக்கொண்டு போனார், அதை நான் பார்த்தேன்.

இப்போது இவருக்குச் சீனி வருத்தம், பியர் ஆகாது. பெரித் ஓய்வுபெற்று வடக்கே எங்கேயோ போய்விட்டாள். கலா கலியாணம் கட்டி ரொறொன்ரோவில். அந்த ஆளை நேரே கூட்டிவந்து காட்டித்தான் கட்டினாள். ஞாயிறுகளில் தொலைபேசியில் முழங்கால் வலி பற்றிக் கதைக்கிறோம். நாங்களும் ரொம்சோஸை விட்டு வந்துவிட்டோம். அவள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் இப்போது அறைகள் நிறைய இருக்கின்றன. ஒளித்து வைக்கத்தான் ஒன்றும் இல்லை.