விபத்தில்லா நாட்கள்

சூளகிரி பக்கத்துக் கம்பெனி ஒன்றில் கிரைண்டிங் வேலை பார்க்கிறேன். கேட்டைத் தாண்டியதும் ஒரு போர்டு இருக்கும். விபத்தே இல்லாமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று தினமும் காலையில் செக்யூரிட்டி அதில் எண்ணை மாற்றி எழுதுவார். அந்த எண்ணின் மேல் எங்கள் சூப்பர்வைசருக்கு இருந்த அக்கறை என் இடது கண்ணின் மேல் இல்லை.

அன்றைக்குக் கம்பெனி கொடுத்த கண்ணாடியைப் போட்டுத்தான் இருந்தேன். ஓரம் உடைந்த கண்ணாடி. உடைந்த இடத்தின் வழியாக இரும்புத் துணுக்கு தெறித்துக் கண்ணில் சுருக்கென்றது.

"தூசிப்பா அது. மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்திக்க. ஆஸ்பத்திரின்னு போனா எழுதிக் குடுக்கணும், போர்டு ஜீரோவுக்குப் போயிரும்" என்றார் சூப்பர்வைசர்.

பெரிய ஆட்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. தலையாட்டினேன். மறுநாள் கண் சிவந்து வீங்கியது. லீவு கேட்டேன். "சேஃப்டி ஆடிட் முடியட்டும்" என்றார். ஆடிட் முடிவதற்குள் கண்ணுக்குள் வெள்ளையாகச் சீழ் கட்டிவிட்டது.

"உனக்கு வாய் இன்னாத்துக்கு இருக்குது? கெளம்பு!" என்று என் மனைவிதான் ஓசூர் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா டார்ச் அடித்தபோது வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அன்றே ஆபரேஷன். சீழையும் துணுக்கையும் எடுத்தார்கள்.

"பார்வை வந்துருமாங்க மேடம்?" என்றாள் மனைவி.

"எந்தக் கிருமி, விழித்திரை எவ்வளவு கெட்டிருக்கு, வரும்போது எவ்வளவு பார்வை மிச்சம் இருந்துச்சு, இதையெல்லாம் பொறுத்ததும்மா. அடிபட்ட அன்னிக்கே வந்திருந்தா நான் இன்னும் தைரியமாச் சொல்லியிருப்பேன்."

கிருமியை யாரும் கூப்பிட்டு விடவில்லை. துணுக்கு எங்கே பாயும் என்பதும் யார் கையிலும் இல்லை. லீவு கிடைக்காமல் போன அந்த நாட்கள் மட்டும் ஒருவர் கையில் இருந்தன. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது முகத்துக்கு நேரே விரலை ஆட்டினால் அந்தக் கண்ணுக்குத் தெரிகிறது. எத்தனை விரல் என்று தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று போர்டைப் பார்த்தேன். எண் இறங்கவே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரம்மா சொன்னபடி நான் ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்துக் கிடந்த நாட்களையும் சேர்த்துக்கொண்டு ஏறியிருந்தது.

"வாங்க ஹீரோ! கண்ணாடி போடுன்னா கேட்டாத்தானே?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார் சூப்பர்வைசர்.

நான் போர்டுக்குப் போய்க் கையாலேயே எண்ணை அழித்தேன்.

"ண்ணா, இன்னா பண்ற? என் வேல போயிரும்ணா!" என்று பதறினார் செக்யூரிட்டி.

"என் கண்ணு போச்சுப்பா" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நானே கேட்டதில்லை.

மறுநாள் காலையில் போர்டில் பழைய எண்ணோடு ஒன்று கூடி நின்றது. மறுபடியும் அழித்தேன்.