ஆயுத பூஜையன்று திறந்து கிடந்த கியர் பாக்ஸ்

அப்பாதுரை கியர் ஆயில் மாற்றுவதில் அவசரப்பட மாட்டார். யுத்த காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் லாரி உதிரிகளைக் கழுவப் போனவர், பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். வண்டி ஓடிவந்த சூட்டோடு கியர் பாக்ஸின் அடிப் பிளக்கைக் கழற்றி, பழைய ஆயில் கடைசிச் சொட்டுவரை வடியட்டும் என்று ராத்திரி முழுக்க விட்டுவிடுவார்.

பூஜைக்கு முந்தின சாயங்காலம் தியோடரின் பழைய டாட்ஜ் டாக்ஸியைத் தன் மர்பி டவுன் கொட்டகையில் அப்படித்தான் விட்டிருந்தார். மறுநாள் பூஜை என்பதால் டாக்ஸி ஸ்டாண்டில் ஓட்டமில்லை. தியோடரின் மனைவி நோராவுக்குப் பிரசவம் அடுத்த மாதம்தான்.

விடிந்ததும் அப்பாதுரையின் மனைவி வள்ளியம்மா ஸ்பேனர் முதலான சாமான்களைக் கழுவி, பலகையில் அடுக்கிக் குங்குமம் வைத்தாள். கழற்றிய பிளக்குக்கும் ஒரு பொட்டு. இனி மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது. போன வருஷம் ஒரு கர்னல் வந்து கத்தியும் அப்பாதுரை ஸ்பேனரைத் தொடவில்லை.

கற்பூரம் அணைவதற்குள் தியோடர் ஓடிவந்தான். நோராவுக்கு ரத்தம் போகிறதாம். உடனே ஆஸ்பத்திரி சேராவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாளாம். ஸ்டாண்டில் ஒரு வண்டியும் இல்லை. ஜட்காவின் குலுக்கலை அவள் தாங்க மாட்டாள்.

ஸ்பேனரை இரவல் வாங்கலாம். பிளக்கை யாரிடம் வாங்குவது? அப்பாதுரை பலகை முன் நின்றார். கை நீளவில்லை.

"இன்னா யோசனைண்ணே? ஒன் சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், எடு" என்றான் தியோடர்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு பிளக்கை எடுத்தார். எடுத்ததோடு நிற்கவில்லை, மண்ணெண்ணெய்த் துணியால் மரையிலிருந்த குங்குமத்தைத் துடைக்கத் தொடங்கினார். வள்ளியம்மா பதறிப்போனாள்.

"எடுத்ததே தப்பு. பொட்டையும் அழிக்கணுமாய்யா?"

"மரையில பொடி இருந்தா ஒழுகும். உள்ள போனா கியர் பல்ல அரிச்சுடும். வழியில வண்டி நின்னா யாரு ஜவாபு?"

அவள் அடுப்பிலிருந்த பொங்கல் பானையை இறக்கிவிட்டு வெந்நீர் அண்டாவை ஏற்றினாள். ஆயில் டின்னை அதில் வைத்தாள். குளிரில் இறுகிய ஆயில் இளகினால்தான் இறங்கும்.

அடிப் பிளக்கை முடுக்கிவிட்டு, பக்கவாட்டுத் துளை வழியாகக் கைப்பம்பால் ஆயிலை ஏற்றினார். துளையின் வாய்வரை வந்து வழிந்தால்தான் அளவு சரி. தியோடர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி போதும் போதும் என்று கெஞ்சினான், பிறகு திட்டினான்.

"அவ செத்துடுவா. வுடுண்ணே."

"சொல்ப இரு, இன்னுங் கொஞ்சம்."

விரலை விட்டுப் பார்த்தார். ஆயில் எட்டவில்லை. மறுபடியும் பம்பை அழுத்தினார். ஒருவழியாக ஆயில் வழிந்து முழங்கையில் இறங்கியது. துளையை மூடிவிட்டு வண்டிக்கடியிலிருந்து உருண்டு வெளியே வந்தார்.

"போ."

அன்று முழுவதும் அப்பாதுரை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. பக்கத்துக் கொட்டகை ஜெயராஜ் எட்டிப் பார்த்து, பூஜையைக் கலைத்தவன் வீட்டு வாசலில் நிற்கவும் பயமாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். சாமி குற்றம் என்ன செய்யுமோ என்று அப்பாதுரைக்கும் அதே பயம்தான்.

பொழுது சாயும்போது தெரு முனையில் டாட்ஜ் திரும்பியது. கியர் உறுமாமல் இறங்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. தியோடரின் முகத்தை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

"ரத்தம் ஏத்தியிருக்காங்க. பொண்ணு. ரெண்டு பேரும் இருக்காங்கண்ணே."

வள்ளியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாதுரை குனிந்து, கியர் பாக்ஸின் அடியைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டும் ஒழுகாமல் காய்ந்திருந்தது.