கம்பி சுட்டால் கவலையில்லை

உரக்கொட்டகையில் அவளுக்குக் கம்பிக்காரி என்றுதான் பெயர். கையில் எப்போதும் ஒரு நீள இரும்புக் கம்பி இருக்கும். அதைக் குப்பைக் குவியலுக்குள் செருகி, பத்து நிமிஷம் கழித்து உருவிப் பிடித்துப் பார்ப்பாள். கை தாங்காமல் சுட்டால் முகம் மலர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளே வயிறாரத் தின்றுகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். ஆபீஸில் தெர்மாமீட்டர் உண்டு. அவள் அதைச் சட்டை செய்வதே இல்லை.

"பேட்டரி தீந்தா அதுக்கு ஒண்ணும் தெரியாது. என் கைக்குத் தெரியும்" என்பாள்.

பதினோரு வருஷமாக ஒரு குவியலும் அவளை ஏமாற்றியதில்லை. அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது.

மழையில் ஊறிய முட்டைக்கோஸ் ஒரு லாரி வந்து இறங்கியது. வாடை தாங்காமல் எதிர்வீட்டுத் தையல்காரர் மனு போட்டுவிட்டார். மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு வாரம் டைம். நாத்தம் போகலைன்னா கொட்டகையைப் பூட்டிடுவாங்க. நீங்க ஆறு பேரும் வேற வேலைதான் தேடணும்."

கம்பிக்காரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, ஓரமெல்லாம் செங்கல் அடுக்கி, குவியலைக் காற்றுப் புகாமல் மூடினாள். இரண்டு நாள் வாடையே இல்லை. மூன்றாம் நாள் கம்பியை உருவினாள். சில்லென்று இருந்தது. பாயைத் தூக்கியதும் அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

வீட்டில் தச்சுவேலை செய்யும் புருஷன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஜன்னல் இல்லாத அடுப்படியில சமைக்க மாட்டேன்னு என்கிட்ட சண்டை போட்டவதானே நீ? அதுங்களுக்கு மட்டும் மூச்சு வேண்டாமா?"

அவளுக்குத் தெரியாததா? ரோஷம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

மறுநாள் விடிந்ததும் தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள். "அண்ணே, குவியலைக் கிளறப் போறோம். இன்னைக்கு நாத்தம் இன்னும் மோசமா வரும், ஜன்னலைச் சாத்திக்குங்க. தப்பு என்னோடது." அவர் ஜன்னலைச் சாத்தப் போனார்.

ஆறு பேரும் குவியலைப் பிரித்தார்கள். தடித்த தண்டுகளைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். காய்ந்த சருகும், புருஷன் கொடுத்தனுப்பிய மர இழைப்புச் சுருளும் கலந்தார்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒழுகக் கூடாது, ஒரு சொட்டு எட்டிப் பார்த்தால் போதும். அந்தப் பதம் வரும்வரை அவள் யாரையும் உட்காரவிடவில்லை.

ஏழாம் நாள் மேற்பார்வையாளர் வந்தார். பின்னாலேயே தையல்காரரும் வந்தார். ஈரமண் வாடைதான் வந்தது. ஆனாலும் கம்பிக்காரி கம்பியை உருவி, நுனியைத் தானே தொட்டுப் பார்க்கத் துணிவில்லாமல் தையல்காரரிடம் நீட்டினாள்.

"நீங்களே பாருங்கண்ணே."

இறுகப் பிடித்தவர், "அம்மாடி!" என்று கீழே போட்டுவிட்டார். கம்பிக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

"மனுவை என்ன சார் பண்றது?" என்றார் மேற்பார்வையாளர்.

தையல்காரர் உள்ளங்கையை ஊதிக்கொண்டே சொன்னார்: "வாபஸ்னு எழுதித் தர்றேன். நாளைக்கு. இப்போ பேனா பிடிக்க முடியாது."