மூன்று வாரக் கடற்படைக்காரர்

எங்கள் அப்பா வருஷத்தில் மூன்று வாரம் மட்டும் பிரெஞ்சுக் கடற்படைக்காரர். மிச்ச நாளெல்லாம் திரான்சி என்ற புறநகரில் ஒரு தபால் நிலையக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்சல் எடை போடுவார். இதற்கு ரிசர்வ் என்று பெயர். யுத்த காலத்தில் மீனவர்களையும் சரக்குக் கப்பல்காரர்களையும் கூப்பிட்டுச் சீருடை மாட்டிவிட்ட படை அது. யுத்தம் இல்லாதபோது, ஆள் பற்றாத கடற்கரைக் காவல் கோபுரங்களுக்கு அப்பா மாதிரிப் பழைய ஆட்களை அனுப்பும். இந்தச் சரித்திரத்தை அவர் விருந்தாளிகளுக்கு முழுதாகச் சொல்வார். எங்களுக்கு விருந்தாளிகள் குறைவாக இருந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் குடியிருந்த மார்க்ஸ் டோர்மோய் வட்டாரத்தில், எங்களுக்குக் கீழ்த் தளத்தில், அப்பா அப்படிப் போயிருந்த நாட்களில், யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு குடிவந்தார். அம்மா வேலை முடிந்து வரும்வரை ஏழு வயதான என்னை அவர்தான் பார்த்துக்கொண்டார். அப்பாவை அவர் பார்த்ததே இல்லை.

மூன்று வாரம் முடிந்த மாலை, அப்பா ரயிலிலிருந்து நேராக வந்தார். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, சீருடையும் தொப்பியுமாகக் கீழே இறங்கி அன்ரி வீட்டுக் கதவைத் தட்டினார்.

அன்ரி கதவுத் துளையில் கண்ணை வைத்தார். அடுத்த நிமிஷம் பிள்ளைகள் மூவரும் கட்டிலுக்கடியில் இருந்தோம். அன்ரியும்தான்.

“சத்தம் போடப்படாது.”

ஒளிந்து விளையாடுவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஓர் எண்ணம் இருந்தது.

“கதவைத் திறங்க. குழந்தையைக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கேன்.”

அப்பாவின் குரல்! தேடுகிறவர் அப்பாவா? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்ரி என் வாயைப் பொத்தினார். அப்பா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிடி இன்னும் இறுகியது.

“உள்ளே வெளிச்சம் தெரியுது. என் பொண்ணு எங்கே? போலீசைக் கூப்பிட்டுருவேன்!”

அவர் குரல் உடைந்தது. தோற்றுப்போகிற வருத்தம் என்று எடுத்துக்கொண்டு, நான் மூச்சைப் பிடித்தேன். என் மூளை அவ்வளவுதான்; இன்றைக்கும் பெரிய முன்னேற்றமில்லை.

கடைசியில் படிக்கட்டில் அம்மாவின் குரல் கேட்டது. “முதல்ல அந்தத் தொப்பியைக் கழட்டுங்க! அக்கா, நான்தான். இது எங்க வீட்டுக்காரர்.”

கதவு திறந்தது. அன்ரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நேவி எண்டு நினைச்சிட்டன், அண்ணை.”

“நேவிதாங்க,” என்றார் அப்பா, அப்போதும் பெருமையை விடாமல். அம்மா முறைத்ததும், “ரிசர்வ்,” என்று இறங்கிவந்தார். “கோபுரத்துல உட்கார்ந்து கடலைப் பார்ப்பேன். படகு கவிழ்ந்தா, காப்பாத்த ஆள் அனுப்பச் சொல்லுவேன்.”

“காப்பாத்தவோ? மெய்யாவோ? துவக்கு வைச்சிருக்கேல்லையோ?”

“துப்பாக்கியா? பைனாகுலர்தான். அதுவும் ஒரு பக்கம் பிளாஸ்டர் சுத்தினது.”

அன்ரி சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேத்தண்ணி வந்தது. அப்பா ரிசர்வின் சரித்திரத்தை ஆரம்பத்திலிருந்து எடுத்தார். அதை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அன்ரிதான்; நடுவில் கேள்வியும் கேட்டார்.

“படகில வாறது ஆர் எண்டு பாக்க மாட்டியளோ?”

“முதல்ல தூக்கணும்ங்க. மத்ததெல்லாம் அப்புறம்.”

“ஓம்,” என்று சொல்லி, அன்ரி அவர் கோப்பையை மறுபடி நிரப்பினார்.

எனக்கு மட்டும் கோபம். யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை அம்மா வந்து கெடுத்துவிட்டாள். அன்ரியும் என் கட்சி என்றுதான் நம்பினேன். கட்டிலுக்கடியில் என் வாயைப் பொத்தியிருந்த கை விடாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவரும் என்னைப் போலச் சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்திருந்தேன்.