ஸகாத் கொப்பியில் ஓர் ஊழியன்

கல்முனையில் நான் வேலை பார்க்கும் புடவைக்கடையில் இரண்டு வகைக் கவர் உண்டு. ஒன்று சம்பளக் கவர். யாருக்கு, எந்த மாதம், எவ்வளவு, எதைக் கழித்தார்கள் என்று அதில் ஓர் எழுத்தும் இருக்காது. மற்றது நோன்பு மாதத்தில் ஏழைகளுக்கென்று கொடுக்கும் ஸகாத் கவர். அதில் என் முழுப்பெயர், தொகை, ஹிஜ்ரி வருடம், மூலையில் ஒரு பிறைகூட இருக்கும். வாங்கியதும் நீளக் கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும். ஸகாத்துக்கு மறுமையில் கணக்குக் கேட்பார்கள், சம்பளத்துக்குக் கேட்க மாட்டார்கள் என்பது எங்கள் முதலாளியின் மார்க்க அறிவு.

பதினொரு வருடம் துணி விரித்து மடித்தேன். பெருநாள் காலங்களில் நின்று நின்று கால் வீங்கியது. சம்பளச் சீட்டு என்று ஒன்றைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை. வாய் மூடி இருந்ததில் என் பங்கும் உண்டு.

பிறகு மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்க வாப்பாவின் மூன்று மாதச் சம்பளச் சீட்டு வேண்டும் என்றார்கள். அந்தப் பணம் கிடைக்காவிட்டால் அவளை அனுப்ப எனக்கு வழியில்லை. முடிவுத் திகதிக்கு ஐந்து கிழமை இருந்தது.

முதலாளியிடம் கேட்டேன். அவருடைய உம்மாவை ஏசியதுபோல் முகம் கறுத்தது.

"என்ன மனே, கடதாசி கேக்காய்? ஒரு மாசமாவது நான் பிந்திக் குடுத்திருக்கேனா? நமக்குள்ள அல்லாஹ் சாட்சி போதாதா?"

"எனக்குப் போதும் ஹாஜியார். கெம்பஸுக்குத்தான் போதாதாம்."

நாளைக்கு என்றார். ஜும்ஆவுக்குப் பிறகு என்றார். கணக்குப்பிள்ளை வரட்டும் என்றார். அப்படியொருவர் அந்தக் கடையில் இருந்ததே இல்லை. இரண்டு கிழமை போய்விட்டது.

"வாப்பா, சீட்டுக் கேக்கிறது பிச்சை கேக்கிறதில்ல. லேபர் ஒபிசுக்குப் போங்க" என்றாள் மகள். பயத்தோடுதான் போய் முறைப்பாடு கொடுத்தேன். இந்த ஊரில் ஒரு முதலாளியை முறைத்தவனை அடுத்த முதலாளி சேர்க்க மாட்டார்.

விசாரணைக்கு முதலாளி வெள்ளை ஜுப்பாவில், அத்தர் மணக்க வந்தார். அதிகாரி ஓர் இளம் பெண்.

"மிஸ், இவர் என்ட ஊழியர் இல்ல. கஷ்டப்பட்டவர், பாவம் பாத்துக் கடையில நிக்க விட்டன். ஒத்தாசை செய்வார், நானும் கையில எதாவது குடுப்பன்."

நின்றது உண்மைதான். பதினொரு வருடத்தில் உட்கார ஒரு கதிரை தந்தாரா?

அதோடு விட்டிருந்தால் தப்பியிருப்பார். என் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ஆனால் தன் தயாள குணத்தை அந்த அதிகாரிப் பிள்ளை நம்ப வேண்டுமே! பையிலிருந்து ஸகாத் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"பாருங்க மிஸ், வருஷா வருஷம் இவருக்குக் குடுத்தது. ஒண்டும் மறைக்கல்ல."

அதிகாரி ஒவ்வொரு வருடமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தின் தலைப்பில் விரலை வைத்துச் சத்தமாக வாசித்தார்: "கடை ஊழியர்கள்." முதல் வரியில் என் பெயர், பக்கத்தில் 'சேல்ஸ்மன்', அப்பால் என் கையெழுத்து. பதினொரு நோன்புக்கும் அப்படியே.

"இது உங்கட எழுத்துத்தானே ஹாஜியார்?"

"ஓம்... அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினது மிஸ்."

நுணலும் தன் வாயால் கெடும். எங்கள் முதலாளி வாயோடு நிற்காமல் கொப்பியையும் கொண்டுவந்திருந்தார்.

நான்கு நாளில் சீட்டுகள் வந்தன. பதினொரு வருடமாக என் ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதிக்கு அவர் ஒரு சதமும் கட்டவில்லை என்பதும் வெளியே வந்தது. அந்த விசாரணை இன்னும் இழுபடுகிறது. மகளுக்கு உதவிப் பணம் கிடைத்தது. சீட்டில் இருந்த சம்பளத்தைப் பார்த்தால் கல்லுக்கும் இரக்கம் வரும். அதற்காக முதலாளிக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

விசாரணை முடியும்வரை என்னை நிறுத்த அவருக்குத் துணிவில்லை. இந்த நோன்புக்கும் ஸகாத் வாங்கக் கடையில் வரிசை நின்றது. கொப்பியில் என் பெயர் இல்லை.

"நீங்க இப்ப ஸகாத்துக்குரிய ஆளில்ல" என்றார். மகனே என்று உரிமையோடு கூப்பிட்ட 'மனே' போய் 'நீங்க' வந்திருந்தது.

எட்டிப் பார்த்தேன். 'கடை ஊழியர்கள்' என்ற தலைப்பை வெட்டி, மேலே 'ஏழைகள்' என்று எழுதியிருந்தார். அதன் கீழே என் கூட்டாளிகள் ஏழு பேரும் ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இன்னும் சீட்டுக் கேட்கவில்லை. ஆகவே எங்கள் கடையில் இப்போது ஊழியன் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் ஏழைகள்.