கோமாளி விழுந்த ஞாயிற்றுக்கிழமை

சென்ற கிழமை ஓகூஸ் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் முழங்கால் வலிக்குக் களிம்பு வாங்கினேன். வீடு வரும்வரை பொறுக்காமல் பஸ்ஸிலேயே மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். எழுபதை நெருங்கும் ஒரு மனிதர் கண்ணை மூடிக் களிம்பு மணப்பதைப் பக்கத்துச் சீட்டுப் பெண் அவ்வளவாக ரசிக்கவில்லை. கற்பூர வாசனை. நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கோயில் நினைவு வந்திருக்க வேண்டும். வந்ததோ குதிரை.

அதே வாசனைக் களிம்பைக் குதிரைகளின் காலிலும் தங்கள் முதுகிலும் பாகுபாடில்லாமல் தேய்த்துக்கொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். ரோடியோவில் வேலை செய்தவர்கள். துள்ளுகிற குதிரையிலோ காளையிலோ ஒருவன் ஏறி, ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சில விநாடிகள் தாக்குப்பிடிப்பானே, அந்த விளையாட்டு. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைகாலம் முழுவதும் கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே ஒரு வயலில் அது நடந்தது. டென்மார்க்கில் அதற்கென்ன வேலை என்று கேட்காதீர்கள். எனக்கு அங்கே என்ன வேலை என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

எனக்கு வதிவிட அனுமதி கிடைத்திருந்த நேரம். கொம்யூன், அதாவது உள்ளூராட்சிச் சபை, அந்தச் சிற்றூரில் ஓர் அறை பார்த்துத் தந்திருந்தது. ஊரில் நான் ஒருவன்தான் தமிழன். அகதி முகாமில் கூட இருந்த கூட்டாளியை ஹொல்ஸ்டெப்ரோ நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி மனோ சாவகச்சேரியில் இருந்தாள். கோடை விடுமுறைக்கு மொழி வகுப்பையும் மூடியதும், கொம்யூன் அலுவலர் என்னைக் கூப்பிட்டு உங்கள் நாட்டில் மாடுகள் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். எங்கள் ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளார்க். மாட்டோடு எனக்கிருந்த உறவு பால்மா டின் வரைக்கும்தான் என்பதைச் சொல்ல எனக்கு டேனிஷ் போதவில்லை.

கதவு திறப்பதுதான் வேலை. சவாரி முடிந்ததும் மாடு வெளியேறுகிற இரும்புக் கதவு. முந்தித் திறந்தால் ஆட்டம் கெட்டுவிடும். பிந்தித் திறந்தால் யாருக்காவது அடிபடும். பார்க்க வந்தவர்கள் சவாரிக்காரனைத்தான் பார்ப்பார்கள். அவன் உயிரோடு இறங்குவதற்காக அந்த வட்டத்துக்குள் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்பது உள்ளே நிற்பவனுக்குத்தான் தெரியும். களிம்பு தேய்க்கிற இருவரும் குதிரையில் சுற்றி வந்து, துள்ளுகிற குதிரைக்குப் பக்கத்தில் தங்கள் குதிரையை அணைத்து, சவாரிக்காரனை இடுப்பில் பிடித்துத் தூக்கி இறக்குவார்கள். முதலாளி இங்கர் என்ற பெண்மணி. மைக்கும் அவர் கையில்தான். ஏதாவது பிசகினால் சனம் பயப்படாதபடி பகிடி விட்டுக்கொண்டே இருப்பார்.

காளைக்கு மட்டும் குதிரைக்காரர் கிட்டப் போவதில்லை. அதற்கு ‘போல்’ என்ற பெயரில் ஒரு கோமாளி இருந்தார்.

ஐம்பது வயதிருக்கும். வெள்ளைப் பூச்சு, சிவப்பு மூக்கு, இரண்டு ஆள் புகக்கூடிய காற்சட்டை. விழுந்தவனுக்கும் காளைக்கும் நடுவில் ஓடிப்போய்த் தன்னைத் துரத்த வைப்பதுதான் அவருடைய தொழில். துரத்தினால் ஒரு பீப்பாய்க்குள் குதித்துவிடுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற சில்லு வீடான தன் கரவனில் தனியாக இருந்தார். காலையில் கதவைத் திறந்து வரும்போதே பூச்சோடுதான் வருவார். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து குந்துவார். அதிகம் கதைக்கமாட்டார். நானும் கதைக்கத் தெரியாதவன். இரண்டு பேரும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு புல்லைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த சிநேகம் அது.

ஒருநாள் மட்டும் டேனிஷும் ஆங்கிலமும் சைகையுமாக ஒரு விஷயம் சொன்னார். எந்த மொழியில் சொன்னாரோ, என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழில்தான் இருக்கிறது.

“நான் விழுந்தா சனம் சிரிக்கும். சிரிக்கத்தான் வேணும். கிடந்தபடி கையாலை ரெண்டு தரம் நிலத்திலை தட்டினா நடிப்பு. தட்டேல்லையெண்டா நீ கதவைத் திற.”

ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கதவுக்காரனிடம் சொல்வதுதானே முறை என்று நினைத்துத் தலையாட்டினேன்.

அது நடந்தது ஒரு ஞாயிறு பிற்பகல். நல்ல வெயில். ஐஸ்கிரீமும் கையுமாக வேலியைச் சுற்றிக் குடும்பங்கள். டீட்டர் என்ற ஜெர்மன் பையன் காளையிலிருந்து விழுந்தான். கயிற்றில் அவனுடைய கை சிக்கிக்கொண்டது. காளை அவனை ஒரு துணிப் பொம்மை மாதிரி இழுத்துக்கொண்டு சுற்றியது. போல் ஓடினார். காளையின் தோளோடு தோள் ஒட்டி ஓடியபடியே கயிற்றை இழுத்து அந்தக் கையை விடுவித்தார். டீட்டர் வேலியில் ஏறித் தப்பினான். பீப்பாய் தூரத்தில் இருந்தது. காளை திரும்பி போலைத் தூக்கி எறிந்தது.

குப்புற விழுந்தார். பெரிய காற்சட்டை காற்றில் ஊதி உப்பியது. சனம் சிரித்தது. இங்கர் மைக்கில் ஏதோ சொல்ல இன்னும் சிரித்தது. நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டவில்லை.

அந்த நேரத்தில் நான் வீரன் மாதிரி நடந்துகொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையில் தாழ்ப்பாளை இரண்டு தரம் தவறவிட்டேன். மூன்றாம் தரம் கதவு திறந்தது. திறந்த பிறகு கத்தத் தொடங்கினேன். என்ன கத்துகிறேன் என்று எனக்கே தெரியாது. போலை முட்டக் குனிந்த காளை, சத்தம் வந்த பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு என்னை நோக்கி வந்தது. நான் கதவுக்கும் வேலிக்கும் நடுவில் ஒடுங்கினேன். கதவு நெஞ்சில் இடித்தது. காளை என்னைக் கடந்து பட்டிக்குள் போனது.

போன பிறகும் நான் நிறுத்தவில்லை. குதிரைக்காரர்களில் ஒருவர் வந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் என் குரல் எனக்குக் கேட்டது. தமிழ். பல கிழமைகளாக நான் தமிழை எழுதியிருந்தேன், மனோவுக்கும் கூட்டாளிக்கும். வாய் திறந்து ஒரு சொல் பேசியிருக்கவில்லை. அது அப்போதுதான் உறைத்தது. சனம் எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போலுக்கு விலா எலும்புகள் மூன்றும் தோள் எலும்பும் முறிந்திருந்தன. வார்டில் அவரைக் கடந்து ஜன்னல் வரை போய்விட்டேன். மெலிந்த, வெளிறிய, தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிற ஆள் போன்ற ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினார். பூச்சில்லாத அந்த முகத்தை நான் முன்பு பார்த்ததேயில்லை. தாதி என்னைப் பார்த்து, நீங்கள் சொந்தமா, வேறு யாரும் வரவில்லை என்றார். எனக்கு டேனிஷில் அப்போது நன்றாக வந்த சொல் ‘யா’, ஓம் என்பது. அதைச் சொன்னேன்.

போல் கேட்டார். “மாட்டுக்கு என்ன சொன்னனீ?”

அதற்குள் எனக்கு நினைவு வந்திருந்தது. “மாட்டுக்கு இல்லை. உங்களுக்குத்தான். எழும்புங்கோ அண்ணை எண்டு.”

“அன்னாவோ? அது பொம்பிளைப் பேரெல்லோ?”

மூத்த சகோதரனை அப்படிக் கூப்பிடுவோம் என்று விளக்கினேன். அவர் சிரிக்கப் பார்த்தார், விலா விடவில்லை. பிறகு, பியூன் தீவில் தனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், சுகமானதும் அங்கே போகப்போவதாகச் சொன்னார். முகவரியை ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

காளைச் சவாரியை இங்கர் நிறுத்திவிட்டார். ஆனால் கோமாளி இல்லாமல் சனம் வராது என்று சொல்லி அந்தக் காற்சட்டையை என்னிடம் நீட்டினார். மூன்று வார இறுதி நான் கோமாளியாக இருந்தேன். நடந்தாலே விழுந்தேன், அதனால் நடிக்கத் தேவை இருக்கவில்லை. குழந்தைகள் ஓடி வந்து கையைப் பிடித்தன. பெற்றோர் என்னோடு படம் எடுத்தார்கள். எந்த நாடு, எப்போது திரும்பிப் போவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாலையில் மார்ஜரீன் தேய்த்து முகத்தைத் துடைத்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்பேன். அதே குடும்பங்கள் அதே தரிப்பில் என்னைத் தாண்டிப் பார்த்தபடி நிற்கும். போல் ஏன் காலையிலேயே பூசிக்கொண்டு வந்தார் என்று அங்கே நின்றுதான் விளங்கியது.

ஓகஸ்ட் கடைசியில் அவர் தன் கரவனை இழுத்துக்கொண்டு புறப்பட்டார். தங்கையிடம் போகிறேன் என்று ஒரு கையால் கும்பிட்டுக் காட்டினார். மற்றக் கையைத் தூக்கத் தோள் இன்னும் விடவில்லை. அடுத்த கோடையில் ரோடியோ நடக்கவில்லை. வயலில் பார்லி விதைத்திருந்தார்கள்.

மனோ வந்து சேர்ந்த வருடம் எனக்கு ஓரளவு டேனிஷ் எழுத வந்தது. பியூன் முகவரிக்கு ஒரு கடிதம் போட்டேன்: மனைவி வந்துவிட்டாள், ஒருநாள் சாப்பிட வாருங்கள். தங்கையின் பதில் வந்தது. அகராதி இல்லாமல் நான் முழுவதுமாக வாசித்த முதல் டேனிஷ் கடிதம் அதுதான்.

போல் இங்கே வரவேயில்லை என்று எழுதியிருந்தார். பதினான்கு வருடங்களாக அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது. அவர் எங்கே என்று தெரியுமா? என்ன வேலை செய்தார்? அவருடைய படம் ஏதாவது இருந்தால் அனுப்புவீர்களா?

இங்கர் தந்த ஒரு படம் இருந்தது. வெள்ளைப் பூச்சும் சிவப்பு மூக்குமாகப் பீப்பாய்க்குள் நிற்கிற படம். நானும் மனோவும் அதை மேசையில் வைத்துப் பார்த்தோம். இதை எப்படி அனுப்புவது, முகமே தெரியவில்லையே என்று கேட்டேன்.

“நீங்கள் முகத்தைப் பாத்தனீங்கள்தானே, எழுதுங்கோ,” என்றாள் மனோ.

எழுதினேன். நெற்றி, கண், மெலிந்த கன்னம், தெரிந்த சொற்களில் இரண்டு பக்கம். அந்தத் தங்கையிடமிருந்து பிறகு கடிதம் வரவில்லை. போலை நான் அதன்பின் எங்கும் காணவில்லை. அந்த முகம் எப்படி இருந்தது என்று இப்போது கேட்டால், அன்று எழுதிய அளவுக்குக்கூட என்னால் சொல்ல முடியாது.